34 வயதில் கிளவுஸ்

ஜூலை 8, 2024, திங்கள்

காலை ஐந்தே முக்காலுக்கு ராயபுரம் போய்ச் சேர்ந்தேன். குத்துச்சண்டை ஜிம் என்றால் கண்ணாடியும் ஏசியும் நினைத்துக்கொள்ள வேண்டாம். தகரக் கூரை போட்ட நீளமான கொட்டகை, நான்கு பஞ்ச் பேக், ஒரு ரிங், மூலையில் பழைய லாரி டயர்கள். காற்று கடல் பக்கமிருந்து அடித்தால் மீன் வாடை, இல்லையென்றால் வியர்வை வாடை. பாரிமுனையில் ஒரு கிளியரிங் அலுவலகத்தில் பன்னிரண்டு வருடமாக உட்கார்ந்தே வேலை பார்ப்பவன் நான். எடை 81 கிலோ.

பையிலிருந்து புது கிளவுஸை எடுத்தேன். சிவப்பு, பளபளவென்று, 8 அவுன்ஸ். மாஸ்டர் வாங்கி ஒருமுறை அமுக்கிப் பார்த்தார்.

"இத்த எதுக்குப்பா வாங்கின?"

"கடையில இதுதான் பாக்ஸருங்க வாங்குவாங்கன்னு சொன்னாங்க மாஸ்டர்."

"இத்த மாட்டிக்கினு பேக் அடிச்சா உன் கை ஒடையும். ஸ்பாரிங் பண்ணா எதிர்ல இருக்கிறவன் மூக்கு ஒடையும்."

அவுன்ஸ் என்பது கையின் அளவு என்றுதான் இதுவரை நினைத்திருந்தேன். கிளவுஸின் எடையாம். 8 அவுன்ஸ், எடை குறைந்த தொழில்முறை வீரர்கள் போட்டியில் மாட்டுவது. உள்ளே மெத்தை குறைவு. என் எடைக்கு பேக் அடிக்க 12 அல்லது 14, ஸ்பாரிங்குக்கு, அதாவது எதிராளியோடு ஆடும் பயிற்சிச் சண்டைக்கு, 16. பதினாறு அவுன்ஸ் ஏறக்குறைய 450 கிராம். கேட்கும்போது ஒன்றுமில்லை, மூன்று நிமிடம் அதை முகத்துக்கு நேரே தூக்கி வைத்திருந்தால் தோள்பட்டை வேறு கணக்கு சொல்கிறது. ஜிம்மில் பொதுவாகக் கிடந்த ஒரு ஜோடியைக் கொடுத்தார்கள். உள்ளே கையை விட்டதும் எதையோ ஈரமாகத் தொட்டேன். அதைப் பற்றி மேலும் எழுதவில்லை.

சேர நினைப்பவர்களே, முதல் மாதம் கிளவுஸ் வாங்காதீர்கள். கைக்கட்டுத் துணி மட்டும் சொந்தமாக இருக்கட்டும்.

ஜூலை 11, வியாழன்

நான்கு நாளாக நிற்கவும் நடக்கவும்தான் சொல்லித்தருகிறார்கள். இடது கால் முன்னே, வலது கால் பின்னே, பின்குதிகால் தரையில் படக் கூடாது, தாடை உள்ளே. முன்னே போக முன்கால் முதலில், பின்னே வர பின்கால் முதலில். கால்கள் ஒன்றையொன்று தாண்டக் கூடாது. குழந்தைக்குக்கூட நடை இவ்வளவு கஷ்டமாக இருந்திருக்காது.

இன்று கைக்கட்டு. கடையில் 120 அங்குலமும் இருக்கிறது, 180 அங்குலமும் இருக்கிறது. பெரியவர்கள் 180 வாங்குங்கள், அதாவது நாலரை மீட்டர். 120 வாங்கினால் மணிக்கட்டுக்குச் சுற்றி முடிக்கும்போது விரல் முட்டிக்குத் துணி இருக்காது. கட்டைவிரலில் வளையத்தை மாட்டி, மணிக்கட்டில் மூன்று சுற்று, முட்டிகள் மேல் மூன்று சுற்று, விரல் இடுக்குகள் வழியாக ஒவ்வொன்றாக விட்டு எடுத்து, மறுபடி மணிக்கட்டு. கட்டும்போது விரல்களை விரித்து வைக்க வேண்டும். நான் மடக்கி வைத்துக் கட்டினேன், பத்து நிமிடத்தில் விரல் நுனி நீலமாகிவிட்டது.

எனக்கு முதலில் கட்டிவிட்டவன் ஒரு பையன். பதினேழு வயது, அறுபது கிலோ இருப்பான். மாவட்ட அளவில் ஆடுகிறான். "அண்ணா, கைய தளர்த்தியா வைங்கண்ணா" என்று நாலு தடவை சொன்னான்.

ஜூலை 27, சனி

போன சனிக்கிழமை முட்டாள்தனம் ஒன்று. மாஸ்டர் வருவதற்கு முன்னால், கைக்கட்டு இல்லாமல், சும்மா இரண்டு குத்து என்று பேக்கில் விட்டேன். இரண்டாவது குத்து சுண்டுவிரல் பக்கமாக விழுந்தது. மணிக்கட்டு உள்பக்கம் மடங்கி, ஒரு நொடி கண்ணில் தண்ணீர்.

குத்து ஆட்காட்டி விரல், நடுவிரல் முட்டிகளில் இறங்க வேண்டும். அந்த இரண்டுக்கும் பின்னால் முன்கை எலும்பு நேர்கோட்டில் நிற்கிறது. மோதிர விரல், சுண்டுவிரல் பக்கம் எலும்பு மெலிசு, அதன் கழுத்துப் பகுதிதான் முதலில் உடையும். டாக்டர்கள் அதற்கு 'பாக்ஸர் முறிவு' என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். ஆனால் ஒழுங்காகப் பழகிய பாக்ஸரைவிட, கோபத்தில் சுவரைக் குத்தியவர்களுக்குத்தான் அது அதிகம் வருகிறதாம். எனக்கு உடையவில்லை. ஒரு வாரம் இடது கை மட்டும்.

அந்த ஒரு வாரம் நல்லதாகப் போயிற்று. ஜாப், அதாவது முன்னால் இருக்கும் இடது கையால் விடும் நேர் குத்து, தவிர வேறு எதுவும் செய்ய முடியவில்லை.

ஆகஸ்ட் 1, வியாழன்

அலுவலகத்தில் போனை மேசைக்கு அடியில் வைத்துக்கொண்டு பாரிஸ் ஒலிம்பிக் பார்த்தேன். நிகத் ஜரீன், சீனாவின் வூ யூவிடம் 5-0 என்று, அதாவது ஐந்து நடுவர்களின் தீர்ப்பிலும், தோற்றார். மனசு கனத்துப் போனது. இரண்டு முறை உலக சாம்பியன் ஆனவர்.

ஒரு மாதத்துக்கு முன்பு என்றால் யார் யாரை அடித்தார்கள் என்று மட்டும் பார்த்திருப்பேன். இன்று கால்களைப் பார்த்தேன். வூ யூ அடித்த இடத்தில் நிற்கவே இல்லை. அடித்தார், பக்கவாட்டில் நகர்ந்தார், நிகத்தின் குத்து போய்ச் சேரும்போது அங்கே ஆள் இல்லை. மாஸ்டர் ஏன் நான்கு நாள் நடக்க வைத்தார் என்று இப்போது கொஞ்சம் விளங்குகிறது. மேனேஜர் வந்ததால் மூன்றாவது சுற்றின் பாதியை விட்டுவிட்டேன்.

ஆகஸ்ட் 13, செவ்வாய்

ஸ்கிப்பிங் இப்போது மூன்று நிமிடம் தட்டாமல் ஓடுகிறது. முதல் வாரத்தில் முப்பது வினாடிகூட வரவில்லை. பத்து வயதுப் பொடியன்கள் பக்கத்தில் கயிற்றைக் குறுக்கே போட்டு ஆடிக்கொண்டிருப்பார்கள், பார்க்காமல் இருப்பது நல்லது.

வாய்க்கவசம் வாங்கினேன். வெந்நீரில் போட்டு மெதுவானதும் பல்லில் வைத்துக் கடித்து, உள்ளே காற்றை உறிஞ்சி, வெளியே விரலால் அழுத்த வேண்டும். முதல் தடவை அடுப்பில் கொதிக்கவிட்டு மறந்துவிட்டேன். டம்ளரில் இருந்து எடுத்தது வேறு ஏதோ பிராணி. இரண்டாவது சரியாக வந்தது. வாயைத் திறந்தாலும் கீழே விழக் கூடாது, அதுதான் சோதனை. பல்லில் கம்பி போட்டவர்கள் இதைத் தாங்களே செய்யாமல் பல் டாக்டரிடம் போங்கள். ஆண்கள் அடிவயிற்றுக் கவசத்தையும் இத்தோடு வாங்கிவிடுங்கள். அது ஏன் என்று விளக்க வேண்டியதில்லை.

மாஸ்டர் கையில் மாட்டிய மெத்தையில், அதாவது பேடில், அடிக்கும்போது அவர் திடீரென்று பேடால் என் நெற்றியைத் தட்டினார். "கண்ண மூட்ற." இல்லை மாஸ்டர் என்றேன். மறுபடி தட்டினார். மூடினேன்.

ஆகஸ்ட் 31, சனி

முதல் ஸ்பாரிங்.

தூக்கம் வரவில்லை என்பதிலிருந்து தொடங்க வேண்டும். நகம் வெட்டினேன், முகத்தில் வாஸ்லின் தடவினார்கள், தலைக்கவசம், 16 அவுன்ஸ். எதிரில் அந்தப் பையன். மாஸ்டர் சொன்னது மூன்றே சொல்: "ஜாப் மட்டும். மெதுவா."

மணி அடித்ததும் மூச்சு நின்றுவிட்டது. உண்மையிலேயே மூச்சு விட மறந்துபோனேன். ஒரு நிமிடத்தில் இரண்டு கையிலும் ஈரமண் மூட்டை கட்டியதுபோல் இருந்தது. அவன் ஜாப் என் நெற்றியில் சும்மா வந்து தொட்டுவிட்டுப் போகும், வலியே இல்லை. ஆனால் ஏழெட்டு முறை தொட்டதும் எனக்குள் ஏதோ ஒன்று புரண்டது. வலது கையை முழுப் பலத்தோடு விட்டேன். 81 கிலோவும் அதில் இருந்தது. அவன் தலையை ஒரு சாண் நகர்த்தினான், நான் கயிற்றில் போய் விழுந்தேன்.

பையன் சிரிக்கவில்லை. "பரவால்லண்ணா, மூச்சு வுடுங்க" என்றான். அது பட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இப்போது எழுதும்போது கை சில்லென்று இருக்கிறது. எனக்குக் கோபம் என்று அப்போது நினைத்தேன். பயம்தான் அது.

இத்தோடு முடிந்திருந்தால் நல்ல நாள். வேறு ஜிம்மிலிருந்து ஒருவர் வந்திருந்தார், என் எடைதான், ஐந்து வருட அனுபவம். "ஒரு ரவுண்டு போலாமா பாஸ்?" எவ்வளவு வேகம், எது கூடும், எது கூடாது என்று ஒரு வார்த்தை பேசவில்லை. மாஸ்டர் வெளியே போனில் இருந்தார். இரண்டு ஹூக், பக்கவாட்டில் வளைந்து வரும் குத்து, காதுப் பக்கம் விழுந்தது. போதும் என்று சொல்லியிருக்கலாம். நாலு பேர் பார்க்கிறார்களே என்று வாய் வரவில்லை.

செப்டம்பர் 1, ஞாயிறு

தலைவலி. குக்கர் விசில் மண்டைக்குள் அடிக்கிறது. ஜன்னல் வெளிச்சம் ஆகவில்லை. மனைவி எதுவும் கேட்காமல் ஆட்டோ கூப்பிட்டாள்.

டாக்டர் வாந்தி உண்டா, நேற்று நடந்தது நினைவிருக்கிறதா, கண் இரண்டாகத் தெரிகிறதா என்று கேட்டார். விரலைப் பின்தொடரச் சொன்னார். லேசான மூளை அதிர்ச்சி. வாந்தியோ மயக்கமோ குழப்பமோ வந்தால் உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், இரண்டு நாள் ஓய்வு, வண்டி ஓட்டக் கூடாது, ஒரு மாதம் தலையில் எதுவும் படக் கூடாது.

"ஹெட்கார்டு போட்டிருந்தேனே டாக்டர்?"

அது தோல் கிழியாமல் காக்கும் என்றார். உள்ளே மூளை குலுங்குவதை நிறுத்தாது. வீட்டுக்கு வந்தபின் நினைவுக்கு வந்தது: 2013ல் அமெச்சூர் ஆண்கள் பிரிவில் தலைக்கவசத்தையே எடுத்துவிட்டார்கள், ரியோ ஒலிம்பிக்கில் ஆண்கள் வெறும் தலையோடுதான் ஆடினார்கள். பயிற்சியில் அதைக் கழற்றச் சொல்லவில்லை, புருவம் கிழிந்தால் தையல் போட வேண்டும். அது இருக்கிறதே என்ற தைரியத்தில் அடி வாங்காதீர்கள், அவ்வளவுதான்.

மாஸ்டரிடம் போனில் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவே இல்லை. "நான் அங்க இல்லாதது என் தப்பு. நீ நிறுத்தாதது உன் தப்பு." போட்டியில் தலையில் அடிபட்டு நாக்அவுட் ஆனவனையே குறைந்தது 30 நாள் ரிங்கில் ஏற விடமாட்டார்கள், நீ அவசரப்பட்டு வந்து நிற்காதே என்றார்.

செப்டம்பர் 7, சனி, விநாயகர் சதுர்த்தி

கொழுக்கட்டை. அப்பா வீட்டில். விஷயம் தெரிந்து அம்மா பேசவில்லை, அப்பா மட்டும் உற்சாகமாகிவிட்டார். வடசென்னையில் பரம்பரை பரம்பரையாகக் குத்துச்சண்டை நடந்த காலக் கதை எல்லாம் வந்தது: சார்பட்டா பரம்பரை, இடியப்ப நாயக்கர் பரம்பரை. கடைசியில் வழக்கம்போல 1980. முகமது அலி சென்னைக்கு வந்து ஜிம்மி எல்லிஸோடு காட்சிப் போட்டி ஆடியது, எம்.ஜி.ஆர். வந்திருந்தது.

"குத்து வர்றப்ப அலி கண்ண சிமிட்டவே மாட்டாருடா."

அவ்வளவு பெரிய கூட்டத்தில் கடைசி வரிசையில் நின்றவருக்கு அலியின் கண் எப்படித் தெரிந்தது என்று நான் கேட்கவில்லை.

செப்டம்பர் 28, சனி

தலைவலி போய் இரண்டு வாரத்துக்கு மேல் ஆகிறது. இந்த வாரம் ஷேடோவும், அதாவது ஆளில்லாமல் காற்றில் குத்துவதும், ஸ்கிப்பிங்கும் மட்டும். இன்று தோள்தட்டு விளையாட்டு: கிளவுஸ் இல்லை, முகத்துக்குப் போகக் கூடாது, எதிராளியின் தோளை உள்ளங்கையால் தொட வேண்டும். பையன் என்னை இருபது முறை தொட்டான், நான் மூன்று. சிறுபிள்ளை ஆட்டம் மாதிரி இருக்கும், வியர்வை பேக் அடித்ததைவிட அதிகம். ஸ்பாரிங்குக்கு முன்னால் எல்லாரும் ஒரு மாதம் இதை ஆட வேண்டும் என்பது என் கட்சி.

வீட்டில் மகள் சுருட்டிய காலுறையை என் முகத்தில் எறிகிறாள், நான் கண்ணை மூடாமல் நிற்க வேண்டும். அவளுக்கு இதைவிட நல்ல விளையாட்டு வாழ்க்கையில் கிடைத்ததில்லை.

அக்டோபர் 16, புதன்

இரண்டு நாளாக மழை, கொட்டகைக்குள் தண்ணீர், ஜிம் இல்லை. சொந்தமாக வாங்கிய 16 அவுன்ஸ் ஈரத்தில் நாற ஆரம்பித்துவிட்டது. உள்ளே செய்தித்தாளைச் சுருட்டித் திணித்து ஃபேனுக்குக் கீழே வைத்திருக்கிறேன், தாளை இரவில் ஒருமுறை மாற்ற வேண்டும். வெயில் வந்தாலும் நேரடி வெயிலில் வைக்காதீர்கள், தோல் வெடிக்கும். கைக்கட்டுகளைத் துவைத்துக் கொடியில் போட்டதில் வீடு ஆஸ்பத்திரி வார்டு மாதிரி இருக்கிறது. அம்மா பார்த்தால் அவ்வளவுதான்.

அக்டோபர் 19, சனி

போன வாரமே டாக்டர் சரி என்றுவிட்டார். மாஸ்டர் கயிற்றுக்குப் பக்கத்திலேயே நின்றார், போன் பையில். ஏறுவதற்கு முன்னால் நானே பையனிடம் கேட்டேன்: ஜாப் மட்டும்தானே, கால்வாசி வேகம்தானே, கையைத் தூக்கினால் நிறுத்தணும். "சரிண்ணா" என்றான்.

மூன்று நிமிடம், இரண்டு சுற்று. நிறையத் தொட்டான். ஒவ்வொரு ஜாபுக்கும் மூச்சை வெளியே விட்டேன், உஸ் உஸ் என்று சத்தத்தோடு. வலது கை தாடையை விட்டு இறங்கவில்லை. இரண்டாவது சுற்றில் அவன் ஜாப் ஒன்று கிளம்பியது. தோள் முதலில் அசைந்தது, பிறகு கிளவுஸ் பெரிதாகிக்கொண்டே வந்தது, என் வலது கை அதைத் தட்டிவிட்டது. அதற்குப் பின்னால் அவன் முகம் தெரிந்தது. பச்சை நிற வாய்க்கவசம் போட்டிருந்தான்.

இறங்கி வந்ததும், புதுசா என்று கேட்டேன்.

"இல்லண்ணா, அன்னைக்கும் இதான் போட்டிருந்தேன்."