மூன்றாவது ரவுண்டுக்கு மூச்சு: 14 வாரக் குறிப்பு

மார்ச்சில் ஒரு ஸ்பாரிங், அதாவது குத்துச்சண்டையில் பயிற்சிக்காக ஆடும் மோதல். இரண்டாவது ரவுண்டு பாதியிலேயே எனக்குக் கை தூக்க வரவில்லை. எதிரே நின்ற தம்பியின் அடி அப்படியொன்றும் பலமில்லை. ஆனாலும் முகத்தைக் காக்கத் தூக்கி வைத்த கை, அதாவது கார்டு, தானாகக் கீழே இறங்கியது. ஜாப் (முன்னால் நிற்கும் கையால் விடும் நேர்க்குத்து) போட்டால் கை திரும்பி வரவே நேரமானது. முடிந்து கயிற்றில் சாய்ந்து நின்றபோது மாஸ்டர், "கையில பலம் இருக்குடா, மூச்சுதான் இல்ல" என்றார். தினமும் காலையில் மெரினாவில் 6 கிலோமீட்டர் ஓடுகிறவன் நான். அந்த வார்த்தை ரொம்பவே உறுத்தியது.

ஓட்டம் தப்பில்லை, அது மட்டுமே போதும் என்று இருந்ததுதான் தப்பு. 1950-களின் ஹெவிவெயிட் சாம்பியன் ராக்கி மார்சியானோ மைல் கணக்கில் ஓடினார் என்றால், அவர் காலத்துப் பட்டச் சண்டை 15 ரவுண்டு. நாங்கள் ஆடும் அமெச்சூரில் 3 நிமிடம் வீதம் 3 ரவுண்டு, நடுவே 1 நிமிட ஓய்வு. ஒரே சீராக ஓடிப் பழகிய உடம்புக்கு, சரமாரியாகப் பத்து குத்து விட்டுவிட்டு அடுத்த சில விநாடிக்குள் ஆசுவாசப்படத் தெரியவில்லை.

அதனால் நிதான ஓட்டத்தை வாரம் 2 நாளாகக் குறைத்தேன். இன்னும் 2 நாள் மணலில் ரவுண்டு ஓட்டம்: 30 விநாடி முழு வேகம், 30 விநாடி நடை, இப்படி 3 நிமிடம், பிறகு 1 நிமிடம் நிற்பது. ரவுண்டு முடிந்ததும் கழுத்தில் விரல் வைத்து 15 விநாடி நாடித்துடிப்பை எண்ணி நாலால் பெருக்குவேன். முதல் வாரத்தில் ரவுண்டு முடிந்தவுடன் 184, ஒரு நிமிடம் கழித்து 160. போன வாரம் 180, ஒரு நிமிடம் கழித்து 132. நான் நம்பிப் பார்ப்பது இந்த இரண்டாவது எண்ணைத்தான். மூலையில் உட்காரும் அந்த ஒரு நிமிடத்தில் உடம்பு எவ்வளவு மீள்கிறது என்பதை அது காட்டிவிடுகிறது.

பளு விஷயத்திலும் நிறைய மாற்றினேன். டம்பெல்லைப் பிடித்துக்கொண்டு ஷேடோ பாக்ஸிங் (எதிராளி இல்லாமல் காற்றில் குத்துவது) செய்வதை நிறுத்திவிட்டேன். டம்பெல் கையைக் கீழ்நோக்கி இழுக்கிறது, குத்தோ முன்னால் போக வேண்டும், தோள்வலிதான் மிச்சம். குத்து பிறப்பது காலில். பின்னங்காலின் முன்பாதம் தரையைத் தள்ளும், இடுப்பு திரும்பும், முஷ்டி கடைசியில்தான் வரும். இது எனக்கு உறைத்தது 4 கிலோ மெடிசின் பந்தில், அதாவது எறிந்து பழகும் கனமான பந்தில். சுவருக்குப் பக்கவாட்டில் நின்று, பந்தை இடுப்போடு ஒட்டி வைத்து, திரும்பி எறிய வேண்டும். கையால் எறிந்தால் சுவரில் 'தொப்' என்று மந்தமாக விழும். குதிகால் திரும்பி இடுப்பு முந்திக்கொண்டால் 'பட்' என்று அறைந்து நெஞ்சுக்கே திரும்பி வரும். அந்தச் சத்தத்தை வைத்தே சரியா தப்பா என்று சொல்லிவிடலாம். ஒரு பக்கத்துக்கு 5 எறிதல், 4 செட். களைப்பு வந்தால் வேகம் போய்விடும், அதோடு நிறுத்திவிட வேண்டும்.

டெட்லிஃப்டில் (தரையிலிருந்து பளுவைத் தூக்கி நிமிர்வது) 5 முறை தூக்கும் எடை 70 கிலோவிலிருந்து 100 ஆகியிருக்கிறது. பளு தூக்கினால் எடைப்பிரிவு தாண்டிவிடும் என்று கூட இருந்தவர்கள் பயமுறுத்தினார்கள். குறைந்த முறை, நல்ல இடைவெளி, சாப்பாடு பழையபடியே. உடல் எடை 67-லிருந்து 67.4, அவ்வளவுதான்.

ஐந்தாவது வாரம் ஆசையில் சிமென்ட் தரையில் தினமும் 20 நிமிடம் ஸ்கிப்பிங் ஆடினேன். முழங்காலுக்குக் கீழே முன் எலும்பு நெடுக வலி பிடித்து, பத்து நாள் குதிக்கவே முடியவில்லை. இப்போது ரப்பர் பாயில்தான் ஆடுகிறேன். கயிறு நுழையும் அளவுக்குக் கால் எழும்பினால் போதும். உயரத் தாவினால் எலும்புதான் அடி வாங்கும். அப்புறம் கழுத்து: நெற்றியில் உள்ளங்கையை வைத்து எதிர்த்துத் தள்ளி 10 விநாடி, நாலு பக்கமும். அலுப்பான வேலை, ஆனாலும் விடுவதில்லை.

ஞாயிற்றுக்கிழமை அதே தம்பியோடு மறுபடி ஸ்பாரிங். மூன்றாவது ரவுண்டு மணி அடித்தபோது நானே முதலில் எழுந்தேன். கடைசி அரை நிமிடத்தில் ஜாப், கிராஸ் (பின் கையின் நேர்க்குத்து), உடம்புக்கு ஒரு ஹுக் (பக்கவாட்டில் வளைத்து விடும் குத்து) என்று விட முடிந்தது. மூச்சு வாங்கியது, ஆனால் கை இருந்த இடத்தில் இருந்தது. இடது ஹுக் போட்டதும் வலது கை தாடையை விட்டு இன்னும் விலகுகிறது. "அது பளுவால சரியாகாது, கண்ணாடி முன்னாடி நில்லு" என்றார் மாஸ்டர். இந்த வாரம் முழுக்க அந்த வேலைதான்.