திறப்பைத் திருப்பியதும் பாட்டு ஏன் தொடங்குகிறது?

முறிகண்டிப் பிள்ளையாரடியில் வாகனத்தை நிற்பாட்டி, தேங்காய் உடைத்து, கச்சானும் வாங்கிக்கொண்டு வந்து திறப்பைத் திருப்பினால், மாங்குளத்தில் போனிலிருந்து புளூடூத் வழியாகக் கேட்டு விட்ட பாட்டு பாதியிலிருந்து பெரிய சத்தத்தில் தொடங்கும். ஏ9 வீதியில் ஓடுகிற பலருக்கு இது பழகிப்போன தொல்லை. செத்தவீட்டு வாசலிலோ, மே 18 அன்று முள்ளிவாய்க்காலுக்குப் போகிற வாகனத்துக்குள்ளோ அது தொடங்கினால் வெறும் தொல்லை என்று சொல்லிவிட முடியாது.

நிறையப் பேர் இதற்காகப் புளூடூத்தையே நிற்பாட்டி வைக்கிறார்கள். அது பிழையான வைத்தியம். கோல் வந்தால் போன் கைக்குப் போய்விடும். ஓடும்போது போனைக் கையில் பிடித்துக் கதைப்பது சட்டப்படி குற்றம். இரவில் மாடுகள் படுத்திருக்கும் எங்கள் வீதிகளில் உயிருக்கும் ஆபத்து. கோல் காரில் கேட்க வேண்டும், பாட்டு மட்டும் வரக்கூடாது. அதைச் செய்யலாம்.

முதலில் விளங்க வேண்டியது, பாட்டைத் தொடங்குவது போன் இல்லை, காரில் உள்ள செட். புளூடூத் இணைப்புக்குள் மூன்று வழிகள் தனித்தனியாக இருக்கின்றன. கோல் கதைக்க ஹெச்எஃப்பி. பாட்டின் ஒலியைக் கொண்டுபோக ஏ2டிபி. ‘போடு’, ‘நிற்பாட்டு’, ‘அடுத்தது’ என்ற கட்டளைகளுக்கு ஏவிஆர்சிபி. செட்டுக்குக் கரண்ட் வந்ததும், கடைசியாகத் தான் புளூடூத் பாட்டில் இருந்ததை நினைவில் வைத்து, பல செட்டுகள் ‘போடு’ என்ற கட்டளையை அனுப்பிவிடும். போன் கீழ்ப்படிந்து, கடைசியாகப் பாட்டுப் போட்ட ஆப்பை எழுப்பும். ஆப்பை மேலே தள்ளி மூடிவிட்டாலும் சரிவராததற்குக் காரணம் இதுதான். மூடிய ஆப்பையும் அந்தக் கட்டளை திறந்துவிடும்.

போனில் கை வைக்கும் முன் ஒரு சோதனை. போனின் புளூடூத்தை நிறுத்திவிட்டுத் திறப்பைத் திருப்புங்கள். அப்போதும் பாட்டு வந்தால் போனில் பிழையில்லை; செட்டில் கொழுவியிருக்கும் பென் டிரைவ்தான் பாடுகிறது. ஓட்டோக்களில் பூட்டும் மலிவான செட்டுகளிலும், சிகரெட் லைட்டர் துளையில் கொழுவும் எஃப்எம் கருவிகளிலும் இது அடிக்கடி நடக்கும். மெமரி கார்டையோ பென் டிரைவையோ கழற்றினால் முடிந்தது.

செட்டின் பக்கம் செய்யக்கூடிய எளிய காரியம், வாகனத்தை நிற்பாட்டும் முன் சோர்ஸை, அதாவது செட் எதிலிருந்து பாட வேண்டும் என்பதை, ரேடியோவுக்கோ வயர் கொழுவிக் கேட்கும் ஆக்ஸுக்கோ மாற்றிவிடுவது. அடுத்தமுறை செட் அங்கேயே எழும்பும், கோல் வந்தால் மட்டும் போனின் சத்தம் காரில் கேட்கும். இங்கே ஒரு சிக்கல் உண்டு. எங்கள் பக்கம் ஓடுகிற ஏராளமான வாகனங்கள் ஜப்பானிலிருந்து வந்த பழையவை. 2020 மார்ச்சில் நின்றுபோன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திரும்பத் திறந்தது. ஜப்பான் ரேடியோவின் பழைய எல்லை 76இலிருந்து 90 மெகாஹேர்ட்ஸ் வரை. எங்கள் நிலையங்கள் 88இலிருந்து 108க்குள். எங்கள் நிலையங்களை அந்த எல்லைக்குள் கொண்டுவரும் பேண்ட் எக்ஸ்பாண்டர் என்ற சிறு கருவி பூட்டாத செட்டில் ரேடியோ பெரும்பாலும் இரைச்சல். அப்படியானால் ஆக்ஸில் விடுங்கள், ஒன்றும் கொழுவாத ஆக்ஸ் அமைதியாக இருக்கும். மெனு ஜப்பானிய எழுத்தில் இருந்தால் கூகுள் டிரான்ஸ்லேட்டின் கமராவைத் திரைக்கு நேரே பிடியுங்கள். ஜப்பானிய மொழிக் கோப்பை வீட்டிலேயே இறக்கி வைத்தால் சிக்னல் இல்லாத இடத்திலும் வாசிக்கும். புளூடூத் பகுதியில் ‘ஓட்டோ பிளே’ போன்ற ஒன்று இருந்தால் அதை நிறுத்துங்கள். எல்லாச் செட்டிலும் அது இல்லை. சில செட்டுகள் போன் இணைந்த உடனே தாமாகவே புளூடூத்துக்குத் தாவிவிடும்.

அன்ட்ராய்ட் போன் வைத்திருப்பவர்களுக்கு வேலை சுகம். செற்றிங்ஸில் ‘கனெக்டட் டிவைசஸ்’ போய், காரின் பெயருக்குப் பக்கத்திலுள்ள பற்சக்கரத்தைத் தொட்டால் ‘போன் கோல்ஸ்’, ‘மீடியா ஓடியோ’ என்று சுவிச்சுகள் தெரியும். மீடியா ஓடியோவை நிறுத்தி, போன் கோல்ஸை விட்டுவிடுங்கள். சாம்சங்கில் ‘கனெக்ஷன்ஸ்’, பிறகு ‘புளூடூத்’. அங்கே அது ‘ஓடியோ’ என்று மட்டும் இருக்கும். இதன் விலையையும் சொல்லவேண்டும். வாட்ஸ்அப் குரல் பதிவும் யூடியூப்பும் இனிப் போனின் ஸ்பீக்கரில்தான் கேட்கும். காரை ‘ஃபொர்கெட்’ செய்து திரும்ப இணைத்தால் சுவிச் பழையபடி ஏறிவிடும், மறக்காமல் மறுபடி நிறுத்துங்கள். போனின் ஆப்களைக் காரின் திரையில் காட்டும் அன்ட்ராய்ட் ஓட்டோ பாவிக்கிற ஆக்கள் அதன் செற்றிங்ஸில் ‘ஸ்டார்ட் மியூசிக் ஓட்டோமேட்டிக்கலி’ என்பதையும் நிறுத்தவேண்டும்.

ஐபோனில் இப்படித் தனிச் சுவிச் இல்லை. ஐபோன் வைத்திருப்பவர்கள்தான் அதிகம் அவதிப்படுகிறார்கள். ‘ஷோர்ட்கட்ஸ்’ ஆப்பில் ‘ஓட்டோமேஷன்’ திறந்து, புதிதாக ‘புளூடூத்’ ஒன்றைத் தெரிந்து, காரின் பெயரைக் குறியுங்கள். ‘ரன் இமீடியட்லி’ என்பதைத் தெரியுங்கள், இல்லாவிட்டால் ஒவ்வொரு முறையும் கேள்வி கேட்கும். முதல் செயலாக ‘வெயிட்’ போட்டு 5 வினாடி கொடுங்கள். இரண்டாவதாக ‘பிளே/போஸ்’. பலர் தவறுவது இந்த இடத்தில்தான். அந்தச் செயல் தானாகவே இரண்டும் மாறிமாறிச் செய்யும் நிலையில் இருக்கும். அப்படியே விட்டால் பாட்டு ஓடாத நாளில் அதுவே பாட்டைத் தொடங்கிவைக்கும். அதைத் தொட்டு ‘போஸ்’ என்று மட்டும் மாற்றுங்கள். பிறகும் பாட்டு வந்தால், செட் கட்டளையைப் பிந்தி அனுப்புகிறது என்று அர்த்தம். 5ஐ 8 ஆக்குங்கள், போதாவிட்டால் 10.

இந்த முறையில் முதல் சில வினாடிகள் பாட்டு கேட்கத்தான் செய்யும். அதுவும் கூடாது என்றால் ‘மியூசிக்’ ஆப்பில் இறக்கி வைத்த பாட்டுகளை அழித்து, அதன் மொபைல் டேட்டாவையும் நிறுத்துங்கள். ஸ்பொட்டிஃபையின் செற்றிங்ஸில் உள்ள ‘ஓட்டோபிளே’யை நிறுத்தி ஏமாற வேண்டாம். பட்டியல் முடிந்தபின் அதேமாதிரிப் பாட்டுகளைத் தொடர்ந்து போடும் வசதி அது. காருக்கும் அதற்கும் தொடர்பில்லை.

வாடகை வான்களில் இரண்டு மூன்று பேரின் போன்கள் ஒரே செட்டில் பதிந்திருக்கும். ஒன்றைச் சரிசெய்தபிறகும் பாட்டு வந்தால், உதவியாளரின் போன் முந்தி இணைந்துவிட்டதா என்று திரையில் பெயரைப் பாருங்கள். செட்டின் பட்டியலில் தேவையில்லாத பெயர்களை அழியுங்கள். பிறகு திறப்பை நிறுத்தி, செட் முழுதாக அணைய ஒரு நிமிடம் விட்டு, திரும்பத் திருப்புங்கள். இரண்டாம் தடவையும் அமைதியாக இருந்தால் ஒரு கோல் எடுத்து, குரல் காரில் கேட்கிறதா என்று பாருங்கள்.