தெருவில் வெள்ளம், பாலாற்றில் மணல்

மே 9, மாலை

வேலூரில் அக்னி நட்சத்திரம், நாற்பதுக்கு மேல் வெயில், அதை எழுதி என்ன ஆகப்போகிறது. மூன்று மணிக்கே ஜவ்வாது மலைப் பக்கம் மேகம் எழும்பிவிட்டது. ஆயா மாடியில் காய்ந்த வடகத்தை அள்ளிக்கொண்டு இறங்கிவிட்டார். ராடார் படத்தில் சிவப்புத் திட்டு இடத்தை விட்டு அசையவே இல்லை, அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

மே 10, விடியற்காலை

தூக்கமில்லை. ஏழு மணிக்குப் பிடித்த மழை ஒன்பதரைக்குத்தான் விட்டது. கோடை மழை என்றால் வானத்தில் உயரே வீசும் காற்று மேகத்தைத் தள்ளிக்கொண்டு போய்விடும், அரை மணி நேரக் கூத்து, அப்புறம் மண் வாசனை. அந்த உயரக் காற்றில் வலுவில்லை என்றால் மேகம் நின்ற இடத்திலேயே கொட்டும், கொட்டும்போது கீழே இறங்கும் குளிர்காற்று பக்கத்திலிருக்கும் வெக்கைக் காற்றை மேலே தூக்கி இன்னொரு மேகத்தை எழுப்பும், அதுவும் அங்கேயே கொட்டும். ஊரைச் சுற்றிப் பாறை மலை வேறு, விழுந்த தண்ணீரெல்லாம் நிற்காமல் ஊருக்குள் இறங்கிவிடுகிறது. எங்கள் கன்சால்பேட்டையில் நிக்கல்சன் கால்வாய் நிரம்பி, எட்டரைக்கு வாசற்படி ஏறி, சமையலறைக்குள் சாக்கடையாக வந்தது. எதிர்வீட்டு பாய் "மெயினை அணைச்சிடுங்க, மெயினை அணைச்சிடுங்க" என்று முழங்கால் தண்ணீரில் கத்திக்கொண்டே போனார். அரிசி மூட்டை கட்டிலுக்கு, சிலிண்டர் மேடைக்கு, ஆயா மாடிக்கு. ஃபிரிட்ஜைத் தூக்க ஆள் இல்லை.

மே 10, இரவு

சென்னையிலிருந்து அக்கா போன். "பாலாறு வந்துடுச்சாடா?" சிரிப்பதா அழுவதா. காலையில் காட்பாடி போகும்போது பாலத்திலிருந்து பார்த்தேன், மணலும் வேலிக்காத்தானும்தான். 2021 நவம்பரில் ஆறு கரைபுரண்டபோதாவது மேலேயிருந்து தண்ணீர் வருகிறது என்று முன்கூட்டியே எச்சரித்தார்கள். இந்தத் தெரு வெள்ளத்துக்கு அந்த அவகாசமெல்லாம் கிடையாது.

மே 11

பேப்பரில் மழை அளவு பார்த்தேன். காலை 8.30-லிருந்து மறுநாள் 8.30 வரை சேர்த்துப் போடுகிற கணக்கு அது. 24 மணி நேரத்தில் 64.5 மில்லிமீட்டரைத் தொட்டால்தான் கனமழை. சரி, அதற்குக் குறைந்த மழையே இரண்டு மணி நேரத்தில் கொட்டினால்? 50 மில்லிமீட்டர் என்றால் ஆயிரம் சதுர அடி மொட்டைமாடி ஒன்றில் மட்டும் 4,600 லிட்டருக்கு மேல். தெருவில் எத்தனை மாடி, எல்லாம் போய்ச் சேருவது ஒரே கால்வாய். அதைத் தூர்வாருவதோ ஐப்பசி மழைக்கு முன்னால்தான், அதனால் சித்திரையில் அதில் கிடப்பது போன மழை கொண்டுவந்த மண்ணும் பிளாஸ்டிக்கும். இன்று ஒரு மெத்தையையே இழுத்துப் போட்டார்கள். பங்குனியிலும் ஒரு தடவை வாரினால் என்ன? தெருப் பெண்கள் மனு எழுதியிருக்கிறார்கள், நானும் கையெழுத்துப் போட்டேன்.

ஃபிரிட்ஜ் மெக்கானிக் வந்து பின்பக்கம் டார்ச் அடித்துப் பார்த்தார். "நல்லா காயட்டும் சார், ரெண்டு நாளைக்குப் போடாதீங்க." அதைச் சொல்ல 300 ரூபாய்.