மருந்து போட்டாச்சா, இல்லையா?

எச்1பி விசாவில் இருப்பவர்கள் அமெரிக்காவில் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்கக் கூடாது. வேட்டை லைசென்ஸ் மாதிரி சில விலக்குகள் உண்டு. ஆனால் நான் வேட்டையாடுவது ஃப்ரீஸரில் இருக்கும் கோழியை மட்டும்தான். ஆகவே டெக்சாஸில் பக்கத்து வீட்டுத் தாத்தா தன் கேரேஜில் தோட்டா தயாரிக்கும்போது எனக்குக் கிடைத்த பதவி, புத்தகம் வாசிப்பவன். எதையும் தொடக் கூடாது. ஸ்டூலில் உட்கார்ந்து லோடிங் மேனுவலில், அதாவது எந்தத் தோட்டாவுக்கு எவ்வளவு வெடிமருந்து என்று சொல்லும் புத்தகத்தில், இருக்கும் எண்களை உரக்கப் படிக்க வேண்டும், அவ்வளவுதான்.

மற்ற விஷயங்களில் தாத்தாவுக்கு அளவு என்றாலே ஆகாது. இறைச்சிக்கு உப்பு கைக்கு வந்தபடி. அவர் போட்ட வேலி இன்றைக்கும் எங்கள் பக்கம் சாய்ந்துதான் நிற்கிறது. ஆனால் கேரேஜுக்குள் போய்விட்டால் ஆளே வேறு. மேஜை மேல் ஒரே ஒரு மருந்து டப்பாதான் இருக்கலாம். இரண்டாவது டப்பா கண்ணில் பட்டால் அதை அலமாரியில் வைத்துப் பூட்டிய பிறகுதான் வேலையே ஆரம்பிக்கும். ஏன் என்றால், டப்பாவை விட்டு வெளியே வந்துவிட்டால் முக்கால்வாசி மருந்து கருப்பும் சாம்பலுமாக ஒரே மாதிரிதான் இருக்கும். ஒன்று வேகமாக எரியும், இன்னொன்று நிதானமாக எரியும். கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது.

நான் வாசிக்கும் எண்களில் எனக்குப் பிடித்தது, சுடும்போது உள்ளே உண்டாகும் அழுத்தக் கணக்கு. 9 எம்எம் தோட்டாவுக்கு உச்ச வரம்பு 35,000 பிஎஸ்ஐ. கார் டயரில் 35 அடிக்கிறோம், அதைப்போல் ஆயிரம் மடங்கு. பெரிசாகத் தெரிகிற .45 ஏசிபிக்கு 21,000தான், பழைய .38 ஸ்பெஷல் ரிவால்வர் தோட்டாவுக்கு 17,000. இதையெல்லாம் உண்டாக்குவது சில கிரெயின் மருந்து. பதினைந்து கிரெயினுக்கு மேல் சேர்ந்தால்தான் ஒரு கிராமே வரும். புத்தகத்தில் போட்டிருக்கும் உச்ச அளவில் தாத்தா ஆரம்பித்து நான் பார்த்ததில்லை. பத்து சதவீதம் கீழே தொடங்கி, சுட்டுப் பார்த்து, கொஞ்சம் கொஞ்சமாக ஏறுவார். ஆனால் எச்110 என்று ஒரு மருந்து இருக்கிறது, அதை அப்படிக் குறைக்கவும் கூடாதாம். மெதுவாக எரியும் ஜாதி, தோட்டாவின் பித்தளைக் கூட்டில் இடம் காலியாக இருந்தால் அதற்குச் சரிப்படாது. "ஒவ்வொன்றுக்கும் ஒரு குணம் தம்பி, புத்தகம் சொல்வதைக் கேள்" என்பார்.

கொரோனா காலத்தில் மருந்தைப் பற்றவைக்கும் பிரைமருக்கும் மருந்துக்கும் தட்டுப்பாடு வந்தபோது, தாத்தாவின் நண்பர் ஒருவர் காபி டப்பாவில் ஏதோ மருந்து கொண்டுவந்தார். லேபிள் இல்லை. "பார்த்தால் புல்ஸ்ஐ மாதிரி இருக்கிறது" என்றார். புல்ஸ்ஐ என்பது வேகமாக எரியும் ஒரு மருந்தின் பெயர். தாத்தா மோந்து பார்த்தார், நேரே பின்பக்கம் போனார், புல்தரை முழுக்க மெலிதாகத் தூவினார். அதில் நைட்ரஜன் இருக்கிறது, புல்லுக்கு நல்ல உரமாம். நண்பர் முகத்தைப் பார்க்கவே பாவமாக இருந்தது.

நான் சொல்ல வந்தது .38 ஸ்பெஷல் கதையை. அந்தக் கூடு, நிறையப் போட வேண்டியிருந்த பழைய கருப்பு வெடிமருந்தின் காலத்தில் பிறந்தது, அதனால் உள்ளே இடம் தாராளம். வேகமாக எரியும் மருந்தைப் போட்டால் அடியில் கொஞ்சம்தான் தெரியும். அதே கூட்டில் தவறுதலாக இரண்டாவது தடவை போட்டாலும் வழியாது, மேலே குண்டு ஜம்மென்று உட்காரும். சுடும்போதுதான் ரிவால்வரே பிளந்துவிடலாம். தாத்தா ஒரு நாள் மாலையில் தோட்டா தயாரிக்கும் பிரஸ்ஸின் கைப்பிடியை இழுத்துக்கொண்டிருந்தார், தயாரான தோட்டாக்கள் டப்பாவில் விழுந்துகொண்டிருந்தன. பாட்டி கதவைத் திறந்து, "இரவுக்கு சூப்பா, சாண்ட்விச்சா?" என்றார்.

"சூப்."

"தக்காளியா, கோழியா?"

தாத்தா தக்காளி என்று சொல்லிவிட்டுத் திரும்பினார். கைப்பிடி பாதியில் நின்றது. கடைசிக் கூட்டுக்கு மருந்து போட்டாச்சா, இல்லையா? இல்லை, இரண்டு தடவை விழுந்து குண்டும் ஏறிவிட்டதா? என்னைப் பார்த்தார். நான் சூப்பைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தேன்.

ஒவ்வொன்றையும் தராசில் வைத்துப் பார்த்தால் தெரியாதா என்று கேட்டேன். தெரியாதாம். பித்தளைக் கூடுகளுக்குள்ளேயே எடை வித்தியாசம் இருக்கிறது, ஈயக் குண்டும் அப்படித்தான். இரண்டும் சேர்ந்தால் அந்த வித்தியாசத்துக்குள் மருந்தின் எடையே மறைந்துபோகும். ஆக ஒரே வழி, டப்பாவில் இருப்பது அத்தனையையும் பிரிப்பது. அதற்கென்றே சுத்தியல் மாதிரி ஒரு பிளாஸ்டிக் கருவி இருக்கிறது. தோட்டாவை அதற்குள் மாட்டி மரக்கட்டையில் டொக், டொக், டொக் என்று அடித்தால் குண்டு கழன்று விழும். ஐம்பது தோட்டாவுக்கும் அடி. தெரு முழுக்கக் கேட்டது. எதிர் வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, "வேலியைச் சரி செய்கிறீர்களா?" என்று ஆசையாகக் கேட்டார்.

எல்லாவற்றிலும் சரியான அளவுதான் இருந்தது. ஒன்றில்கூட இரட்டை இல்லை. எனக்கு ஏமாற்றமாகத்தான் இருந்தது. தாத்தாவுக்கு அப்படி ஒன்றும் இல்லை, சூப் ஆறிப்போனதுதான் வருத்தம். அடுத்த வாரமே மருந்தை மாற்றிவிட்டார்: ட்ரெயில் பாஸ். நடுவில் ஓட்டையுள்ள குட்டி வளையங்களாக, புசுபுசுவென்று இடத்தை அடைத்துக்கொள்ளும். இரண்டு தடவை போட்டால் வழிந்து மேஜையில் கொட்டும், ஊரே பார்க்கும். குண்டின் வேகம் கம்மிதான், இலக்கு அட்டையில் ஓட்டை போட அது போதும்.

புது தோட்டாக்களோடு, சுட்டுப் பழகும் ரேஞ்சுக்குப் போனார். நானும் கூட, வேடிக்கை பார்க்க. பக்கத்துத் தடத்தில் சுட்டுக்கொண்டிருந்த இளைஞன், "ரொம்ப மென்மையாக இருக்கிறதே, எத்தனை கிரெயின் போட்டீர்கள்? மெசேஜில் அனுப்புங்களேன்" என்று போனை நீட்டினான். குண்டு வேறு, கூடு வேறு, துப்பாக்கி வேறு, என் அளவு உனக்கு எதற்கு என்று தாத்தா மறுத்துவிட்டார். அவனும் விடவில்லை. கடைசியில் என்னைக் காட்டி, "எண் எல்லாம் இவனிடம்தான் இருக்கிறது" என்றார்.

அவன் என் பக்கம் திரும்பினான். நான் புத்தகத்தின் விலையைச் சொன்னேன்.