சாவதற்கும் ஏடிபி வேண்டும்: ஆய்வக அனுபவம்

கோயம்புத்தூரில் முனைவர் பட்டத்துக்காகச் செல் வளர்ப்பு லேபில் வேலை பார்க்கிறேன். செல்லும் ஒன்று, மருந்தும் ஒன்று. ஆனால் செல்லில் ஏடிபி (செல் செலவழிக்கும் ஆற்றல் மூலக்கூறு) எவ்வளவு இருக்கிறது என்பதைப் பொறுத்து அது சாகும் விதமே மாறும் என்று 1997-ல் மார்செல் லைஸ்ட் குழுவினர் காட்டினார்கள். எங்கள் ஜர்காட் செல்களில் (லேபில் வளர்க்கும் மனித ரத்தப் புற்றுநோய்ச் செல்கள்) நான் அதைச் செய்து பார்த்த கதை இது.

அப்போப்டோசிஸில் செல் தன்னைத்தானே ஒழுங்காகப் பிரித்துக்கொள்கிறது. ஏடிபி தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியாவிலிருந்து வெளிவரும் சைட்டோகுரோம் சி என்ற புரதம், ஏபாஃப்-1 புரதத்தோடு சேர்ந்து, செல்லைப் பிரிக்கும் வேலையைத் தொடங்கிவைக்கும் காஸ்பேஸ்-9 நொதியைத் தட்டி எழுப்பும். இந்த வேலைக்கு ஏடிபியோ அதை ஒத்த டிஏடிபி மூலக்கூறோ வேண்டும். ஓட்டு வீட்டைப் பிரித்து அடுக்கக் கூலி வேண்டும். இடிந்து விழக் கூலி எதற்கு? நெக்ரோசிஸ் அப்படித்தான்: செல் ஊதி, சவ்வு கிழிந்து, உள்ளே இருப்பதெல்லாம் வெளியே கொட்டிவிடும்.

ஏடிபியை இறக்குவதுதான் பெரிய வேலை. ஒலிகோமைசின் என்ற வேதிப்பொருள் மைட்டோகாண்ட்ரியாவில் ஏடிபி உருவாவதை மட்டும் தடுக்கும். குளுக்கோஸை உடைத்தும் (இதுதான் கிளைகாலிசிஸ்) செல் ஏடிபி செய்துகொள்ளும். "குளுக்கோஸ் இருந்தா கிளைகாலிசிஸ்லயே பொழச்சுக்கும் கண்ணு, ரெண்டு வழியையும் அடைக்கோணும்" என்று கோபிச்செட்டிபாளையத்து சீனியர் அக்கா முதலிலேயே சொல்லிவிட்டார். செல் வளரும் மீடியத்தில் மட்டுமல்ல, அதில் சேர்க்கும் சீரத்திலும் (ரத்தத்தின் தெளிந்த நீர்) குளுக்கோஸ் உண்டு. அதனால் செல்களை நன்றாகக் கழுவி, டயலைஸ் செய்து குளுக்கோஸை நீக்கிய சீரத்தில் போட்டேன். ஏடிபியை அளக்க மின்மினிப் பூச்சியின் லூசிஃபெரேஸ் நொதி. ஏடிபி இருக்கும் அளவுக்கு ஒளி வரும். இதை மருந்து கொடுப்பதற்கு முன்பே அளந்துவிட வேண்டும். செத்த செல்லில் எப்படியும் ஏடிபி இருக்காது, அதை வைத்து எதையும் சொல்ல முடியாது.

அப்புறம் செல்லைச் சாகவைக்கும் மருந்தான ஸ்டாரோஸ்போரின். உட்கருவை நீலமாகக் காட்டும் ஹோக்ஸ்ட், சவ்வு கிழிந்த செல்லுக்குள் மட்டும் நுழைந்து சிவப்பாகக் காட்டும் புரோப்பிடியம் அயோடைடு இரண்டு சாயமும் ஏற்றி மைக்ராஸ்கோப்பில் வைத்தேன். குளுக்கோஸ் இருந்த கிணறுகளில் (வளர்ப்புத் தட்டின் சிறு குழிகள்) உட்கரு சுருங்கி, பளிச்சென்ற நீல உருண்டைகளாக உடைந்திருந்தது. சிவப்பு உள்ளே நுழையவில்லை. ஏடிபி வற்றிய கிணறுகளில் உட்கரு உடையாமலே சிவந்து கிடந்தது. ஒலிகோமைசினை வைத்துக்கொண்டே குளுக்கோஸை மட்டும் திருப்பிக் கொடுத்த கிணற்றில் மறுபடி நீல உருண்டைகள்! எனக்குக் கை நடுங்கியது. ஒலிகோமைசினின் குணமல்ல, ஏடிபிதான் காரணம் என்று சொல்லும் கிணறு அதுதான். அதை யாரும் விட்டுவிடாதீர்கள்.

நேரத்தையும் கவனியுங்கள். தட்டில் விழுங்கி அகற்ற வேறு செல்கள் இல்லாததால், அப்போப்டோசிஸில் செத்த செல்லும் கடைசியில் சவ்வு கிழிந்து சிவந்துவிடும். முதல் சில மணி நேரத்துக்குள் இடைவெளி விட்டு விட்டுப் படமெடுத்து வைத்தால்தான் இரண்டையும் பிரித்துச் சொல்ல முடியும்.