ஓட்டும் விமானமே ஜாய்ஸ்டிக்கைத் தீர்மானிக்கட்டும்

விமான சிமுலேட்டர் பழகத் தொடங்குபவர்களிடமிருந்து எனக்கு அதிகம் வரும் கேள்வி, எந்த ஜாய்ஸ்டிக்கை வாங்கலாம் என்பதுதான். பதில் சொல்வதற்கு முன்பு, எந்த விமானத்தை ஓட்ட விரும்புகிறீர்கள் என்று கேட்டுவிடுவேன். பட்டன்கள் எத்தனை, விளக்குகள் எரிகின்றனவா, மேசையில் வைத்தால் எடுப்பாக இருக்கிறதா என்பவையெல்லாம் அதற்குப் பிறகு வர வேண்டியவை. ஏர்பஸ் ஏ320, போயிங் 737 என்ற பயணிகள் விமானங்கள், செஸ்னா 172 என்ற சிறு விமானம், எஃப்-16 போர்விமானம் ஆகியவற்றை எடுத்துக்கொண்டால், விமானியின் கைக்கு வரும் கருவியின் குணம் ஒன்றுக்கொன்று மாறுபடுகிறது. குறிப்பாக, கையை எடுத்தால் அந்தக் கருவி என்ன செய்யும் என்பது மாறுபடுகிறது. நாம் வீட்டுக்கு வாங்கக்கூடிய ஜாய்ஸ்டிக்குகளோ ஏறக்குறைய எல்லாமே, கையை விட்டதும் ஸ்பிரிங்கின் இழுப்பில் நடுவுக்கு வந்து நிற்பவை. இந்தக் குணம் எந்த விமானத்துக்குப் பொருந்தும், எதற்குப் பொருந்தாது என்பது புரிந்துவிட்டால் வீண் செலவு பெரும்பாலும் குறைந்துவிடும்.

மிக நன்றாகப் பொருந்துவது ஏ320-க்குத்தான். 1987 பிப்ரவரியில் முதன்முறையாகப் பறந்த அந்த விமானம், டிஜிட்டல் கட்டுப்பாட்டு முறையையும், விமானியின் பக்கவாட்டில் நிற்கும் சிறிய ஸ்டிக்கான சைட்ஸ்டிக்கையும் பயணிகள் விமானச் சேவைக்குள் கொண்டுவந்தது. அதன் சைட்ஸ்டிக்குக்கும் ஸ்பிரிங்தான். இறக்கையிலோ வாலிலோ காற்று தரும் அழுத்தம் விமானியின் கைக்கு வந்து சேர்வதில்லை. வழக்கமான பறத்தலில் ஸ்டிக்கை விட்டுவிட்டால் விமானம் அப்போதிருந்த பாதையிலேயே தொடர்கிறது, ட்ரிம் வேலையை, அதாவது கை அழுத்திப் பிடிக்காமலேயே விமானம் நிலையாகப் பறக்கும்படி சரிசெய்வதை, கணினியே பார்த்துக்கொள்கிறது. ஆகவே, வீட்டு மேசையில் உள்ள சாதாரண ஸ்பிரிங் ஜாய்ஸ்டிக் செய்யும் வேலையும் உண்மையான விமானத்தின் ஸ்டிக் செய்யும் வேலையும் இங்கே கிட்டத்தட்ட ஒன்றாகவே இருக்கின்றன. சென்னையில் நாம் ஏறும் இண்டிகோ விமானங்களில் பெரும்பாலானவை இந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவை என்பதால், நம்மவர்களில் பலர் இதையே முதலில் பழக விரும்புவது இயல்பு. அவர்களுக்கு நான் தயங்காமல் பரிந்துரைப்பது, த்ரஸ்ட்மாஸ்டர் டி.16000எம் அல்லது அதே அடிப்பாகத்தின் மேல் ஏர்பஸ் கைப்பிடியைப் பொருத்தி 2020-இல் வெளிவந்த டிசிஏ சைட்ஸ்டிக். இரண்டையும் இடக்கைக்கு ஏற்றபடி மாற்றிக்கொள்ள முடியும். ஏ320-இல் கேப்டன் இடப்பக்கம் அமர்ந்து ஸ்டிக்கை இடக்கையிலும் உந்துவிசை நெம்புகோல்களை வலக்கையிலும் பிடிக்கிறார் என்பதால், இந்த வசதி சிறியதன்று. ஸ்டிக்கை வலப்பக்கமும் த்ராட்டிலை (உந்துவிசை நெம்புகோல்) இடப்பக்கமும் வைத்துக்கொள்பவர் துணை விமானியின் இருக்கையில் அமர்ந்திருப்பதாகக் கொள்ள வேண்டும்.

செஸ்னா 172-க்கு வந்தால் நிலைமை தலைகீழ். அங்கே விமானி யோக் என்னும் கைச்சக்கரத்தைப் பின்னுக்கு இழுத்து மூக்கை உயர்த்திப் பிடித்திருக்கும்போது, வாலில் உள்ள எலிவேட்டர் என்னும் அசையும் பலகையின் மேல் காற்று தரும் அழுத்தம் கையில் பாரமாகத் தெரியும். அவர் ட்ரிம் சக்கரத்தைச் சுழற்றச் சுழற்ற அந்தப் பாரம் குறைந்து மறையும். யோக் இருந்த இடத்திலேயே நிற்கும். ஸ்பிரிங் ஜாய்ஸ்டிக்கில் இது நடக்க வழியே இல்லை, ஏனென்றால் அதன் ஓய்வுநிலை எப்போதும் நடுப்புள்ளிதான். எனவே வீட்டில் ட்ரிம் செய்யும்போது, ட்ரிம் ஏறும் அளவுக்கு ஏற்ப ஸ்டிக்கை மெல்ல மெல்ல நடுவுக்குத் தளர்த்திக்கொண்டே வர வேண்டும். இது கைக்குப் பழகிவிடும், ஆனால் உண்மையான விமானத்தில் பயிற்சி பெற எண்ணுபவர் இந்த வேறுபாட்டை மனத்தில் வைத்திருக்க வேண்டும். மோட்டார் பொருத்திய, கையில் விசையைத் திருப்பித் தரும் ஸ்டிக்குகள் இந்தக் குறையைத் தீர்க்கின்றன. மைக்ரோசாஃப்டின் சைட்விண்டர் ஃபோர்ஸ் ஃபீட்பேக் 2 உற்பத்தி நின்று பல ஆண்டுகள் கழிந்த பிறகும் தேடி வாங்கப்பட்டதற்குக் காரணம் இதுதான். இப்போது மோசா போன்ற நிறுவனங்கள் இத்தகைய அடிப்பாகங்களை மீண்டும் கொண்டுவந்திருக்கின்றன. விலையும் எடையும் அதற்கேற்ப மிகுதி.

செஸ்னாவையும் 737-ஐயும் மட்டுமே ஓட்டப் போகிறவர் ஜாய்ஸ்டிக்கை விட்டுவிட்டு யோக்குக்கே போகலாம். ஹனிகோம்ப் ஆல்ஃபா யோக் இருபுறமும் 90 பாகை வீதம் மொத்தம் 180 பாகை சுழல்வதால், தரையிறங்கும் நேரத்துச் சிறு திருத்தங்களைக் கை பதறாமல் செய்ய முடிகிறது. யோக் உள்ளவை, ஸ்டிக் உள்ளவை என இரண்டு வகை விமானங்களையும் மாற்றி மாற்றி ஓட்டுபவருக்கு ஜாய்ஸ்டிக்தான் வசதி. யோக் மேசையின் நடுவிடத்தைப் பிடித்துக்கொள்ளும் என்பதையும் வாங்குவதற்கு முன்பே எண்ணிப் பார்க்க வேண்டும்.

இனி உள்ளே இருக்கும் சென்சாருக்கு வருவோம். பழைய, விலை குறைந்த ஸ்டிக்குகளில் பொட்டென்ஷியோமீட்டர் இருக்கும். ஒரு கரிப்பூச்சுத் தடத்தின் மேல் ஒரு சிறு உலோக முனை உரசிக்கொண்டே நகர்ந்து நிலையைச் சொல்லும். உரசல் இருக்கும் இடத்தில் தேய்மானமும் இருக்கும்; நாம் பெரும்பாலான நேரம் ஸ்டிக்கை நடுவில்தான் வைத்திருக்கிறோம் என்பதால் அந்த இடமே முதலில் தேய்கிறது. நாளடைவில் கையை அசைக்காமலேயே விமானத்தின் மூக்கு துள்ளத் தொடங்கும். ஹால் சென்சாரில் இந்தத் தொல்லை இல்லை. எட்வின் ஹால் 1879-இல் கண்டறிந்த விளைவின்படி, காந்தப்புலம் மாறும்போது எழும் மின்னழுத்த மாற்றத்தை அது அளக்கிறது. காந்தமும் சென்சாரும் ஒன்றையொன்று தொடுவதே இல்லை. டி.16000எம் ஸ்டிக்கின் இரண்டு முதன்மை அச்சுகளிலும் (முன்பின் அசைவு, பக்கவாட்டு அசைவு) இந்த வகைச் சென்சார்தான். அதன் துல்லியம் ஓர் அச்சுக்கு 16,384 படிகள். பழைய 10 பிட் கருவிகளில் இது 1,024 மட்டுமே. ஆனால் அதே ஸ்டிக்கில், விமானத்தின் மூக்கை இடமும் வலமும் திருப்பும் வால் பலகையான ரட்டருக்காகக் கைப்பிடியைத் திருகும் அச்சில் இருப்பது பொட்டென்ஷியோமீட்டர். பெட்டியின் மேல் ஹால் என்று அச்சிட்டிருந்தால் எல்லா அச்சுகளுக்கும் அது பொருந்தும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.

சென்சாரின் துல்லியத்தைவிட எனக்கு முக்கியமாகப் படுவது, அதற்கு மேலே ஸ்டிக்கைத் தாங்கி நிற்கும் இயங்குபகுதி. ஒரு விமானத்தை ஓட்டும் நேரத்தில் பெரும்பகுதியை நாம் நடுப்புள்ளியைச் சுற்றிச் சில மில்லிமீட்டர்களுக்குள்தான் கழிக்கிறோம். அங்கே ஸ்டிக் நகர மறுத்து, பிறகு சற்று அழுத்தியதும் சட்டென்று விலகினால், நடுவானில் எரிபொருள் நிரப்பும்போதோ ஓடுபாதையின் மையக் கோட்டைப் பிடிக்கும்போதோ ஒவ்வொரு திருத்தமும் அளவுக்கு மிஞ்சிப் போகும். இதைச் சோதிப்பது எளிது. விண்டோஸில் கேம் கண்ட்ரோலர் பலகத்தைத் திறந்தால் ஒரு சதுரத்துக்குள் கூட்டல் குறி தெரியும். ஸ்டிக்கை இரண்டு விரல்களால் பிடித்து இடப்புறம் சிறிதளவு சாய்த்து மிக மெதுவாக விட்டுப் பார்க்க வேண்டும். பிறகு வலப்புறமிருந்தும், முன்னும் பின்னும் இருந்தும் அப்படியே செய்ய வேண்டும். நான்கு திசைகளிலிருந்தும் குறி ஒரே இடத்துக்குத் திரும்பினால் அது நல்ல கருவி. திசைக்கு ஓர் இடத்தில் நின்றால், சிமுலேட்டரின் அமைப்புகளில் டெட்ஸோனை (நடுவைச் சுற்றி அசைவைக் கணக்கில் எடுக்காத பகுதி) கூட்டித்தான் அதை மறைக்க முடியும்; டெட்ஸோன் கூடக் கூட நமக்கு மிகவும் தேவையான அந்தச் சில மில்லிமீட்டர்கள் பறிபோகும்.

இந்த இடத்தில்தான் விகேபி, விர்பில் நிறுவனங்களின் ஸ்டிக்குகள் தம் மதிப்பைக் காட்டுகின்றன. அவற்றில் ஒவ்வோர் அச்சுக்கும் தனி ஸ்பிரிங் உண்டு, அதைக் கழற்றி வேறு வலுவுள்ளதை மாட்டலாம். விகேபியின் கிளாடியேட்டர் என்எக்ஸ்டி ஈவோ, முழு உலோகக் கருவிகளைவிட மிகக் குறைந்த விலையிலேயே இந்த வசதியைத் தருகிறது. இடக்கைக்கும் வலக்கைக்கும் தனித்தனி வடிவங்களும் கிடைக்கின்றன. மறுபுறம், 2010-இல் வந்த த்ரஸ்ட்மாஸ்டர் வார்ட்ஹாக், ஏ-10சி போர்விமானத்தின் கைப்பிடியை உலோகத்தில் அப்படியே வடித்துத் தருகிறது. கையில் பிடித்தால் அதன் கனமே ஒரு மகிழ்ச்சி. ஆனால் அதன் நடுப்புள்ளி இறுக்கமானது, திருகும் அச்சும் கிடையாது, ஆகவே ரட்டர் பெடலையும் சேர்த்தே கணக்கிட வேண்டும். இவ்விரண்டில் ஒன்றை எனக்கென்று தேர்ந்தெடுக்கச் சொன்னால் விகேபியைத்தான் எடுப்பேன்.

ஸ்டிக்கின் நீளமும் கவனத்துக்கு உரியது. சுழலும் புள்ளியிலிருந்து 15 சென்டிமீட்டர் உயரத்தில் கை இருக்கும்போது, 20 பாகை சாய்வுக்குக் கை நகரும் தூரம் ஏறத்தாழ 5 சென்டிமீட்டர். அதே சாய்வுக்கு 35 சென்டிமீட்டர் நீளமுள்ள ஸ்டிக்கில் கை 12 சென்டிமீட்டர் நகரும். கால்களுக்கு நடுவே நீண்ட ஸ்டிக் நிற்கும் மிராஜ் 2000, தேஜஸ் போன்ற விமானங்களை ஓட்டும்போது கிடைக்கும் நிதானத்துக்கு இந்தக் கூடுதல் தூரமே காரணம். விர்பில் போன்றவர்கள் நீட்டிப்புக் குழாய்கள் விற்கிறார்கள். நெம்புவிசை கூடுவதால் அதற்கு வலுவான ஸ்பிரிங்கும், நாற்காலியோடு இறுக்கிப் பொருத்தும் சட்டமும் வேண்டும். எஃப்-16 இதற்கு நேர் எதிரானது. அதன் பக்கவாட்டு ஸ்டிக் தொடக்கத்தில் அசையவே அசையாது, கை தரும் விசையை மட்டும் அளந்தது. அசைவே இல்லாமல் அளவை உணர்வது விமானிகளுக்குக் கடினமாக இருந்ததால் பின்னர் மிகச் சிறிய அசைவு சேர்க்கப்பட்டது. அதை விரும்பி ஓட்டுபவருக்கு நீட்டிப்புக் குழாயால் ஒரு பயனும் இல்லை.

த்ராட்டிலைப் பலரும் ஸ்டிக்குக்குத் துணைப்பொருளாகவே நினைக்கிறார்கள். எனக்கு அது ஸ்டிக்குக்கு நிகரான பொருள். ஏ320-இல் உந்துவிசை நெம்புகோல் குறிப்பிட்ட சில இடங்களில் பொருந்தி நிற்கும். டோகா (முழு விசை), ஃப்ளெக்ஸ் (குறைத்த புறப்பாட்டு விசை), கிளைம்ப் (ஏற்றம்), ஐடில் (மிகக் குறைந்த விசை) என்று அவற்றுக்குப் பெயர்கள். புறப்படும்போது ஃப்ளெக்ஸிலோ டோகாவிலோ வைத்து, சற்று உயர்ந்ததும் கிளைம்புக்குக் கொண்டுவந்தால், வழக்கமாக அது தரையிறங்கும் தறுவாய் வரை அங்கேயே இருக்கும். இடையில் கணினி உந்துவிசையை ஏற்றி இறக்கினாலும் நெம்புகோல் அசையாது. 20 அடி உயரத்தில் ‘ரிட்டார்ட்’ என்ற குரல் கேட்கும்போதுதான் விமானி அதை ஐடிலுக்கு இழுக்கிறார். த்ரஸ்ட்மாஸ்டரின் டிசிஏ குவாட்ரன்ட் இந்த நிறுத்தங்களைக் கைக்கு உணர்த்துவதால், திரையைப் பார்க்காமலேயே கிளைம்பில் நிறுத்த முடிகிறது. ஏர்பஸ்காரர்களுக்கு நான் முதலில் வாங்கச் சொல்லும் கூடுதல் கருவி அதுதான்.

737-இல் உந்துவிசையைத் தானே கட்டுப்படுத்தும் ஆட்டோத்ராட்டில், நெம்புகோல்களையே நகர்த்தும். நம் மேசையில் இருக்கும் த்ராட்டிலோ வைத்த இடத்திலேயே கிடக்கும். இறங்கும் கட்டத்தில் ஆட்டோத்ராட்டிலை விடுவிக்கும் நொடியில் இரண்டு நிலைகளுக்கும் இடையே இடைவெளி இருந்தால், இன்ஜின் திடீரென்று முழங்கும் அல்லது அடங்கிவிடும். ஆகவே விடுவிப்பதற்கு முன்பு, திரையில் தெரியும் நெம்புகோலின் நிலைக்கு நம் த்ராட்டிலைக் கொண்டுபோய் வைத்துக்கொள்வதைப் பழக்கமாக்கிக்கொள்ள வேண்டும். பிஸ்டன் இன்ஜின் விமானங்களுக்குக் கறுப்பு, நீலம், சிவப்பு என்று மூன்று நெம்புகோல்கள்: த்ராட்டில், புரொப்பெல்லர், மிக்ஸ்சர் (எரிபொருள்-காற்றுக் கலவை). செஸ்னா 172-இல் புரொப்பெல்லரின் கோணம் மாறாது என்பதால் இரண்டே போதும். ஆறு நெம்புகோல்களும் ட்ரிம் சக்கரமும் கொண்ட ஹனிகோம்ப் பிராவோ இவை அனைத்துக்கும் ஈடுகொடுக்கும். போர்விமானங்களை ஓட்டுபவர், இரண்டு இன்ஜின்களுக்கும் தனித்தனியாகப் பிரியும் நெம்புகோலையும் ஆஃப்டர்பர்னருக்கான (கூடுதல் எரிபொருளை எரித்து விசையைக் கூட்டும் அமைப்பு) தடுப்பையும் பார்த்து வாங்க வேண்டும். எந்த வகையானாலும், நெம்புகோலின் இறுக்கத்தைக் கூட்டிக் குறைக்கும் திருகு இருக்கிறதா என்று பாருங்கள். பிற விமானங்களோடு அணிவகுத்துப் பறக்கும்போது தேவைப்படும் ஒரு சதவீத அளவு மாற்றத்தை, பிசுபிசுப்பான த்ராட்டிலில் செய்யவே முடியாது.

ரட்டரைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். கைப்பிடியைத் திருகும்போது மணிக்கட்டு பக்கவாட்டிலும் சாய்ந்துவிடும், விமானமும் சேர்ந்து சாயும். ஏ320-க்கு இதனால் பெரிய பாதகமில்லை. ஹெலிகாப்டருக்கும், வால் சக்கரம் உள்ள பழைய விமானங்களுக்கும் பெடல் கட்டாயம் வேண்டும்.

எவ்வளவு நல்ல கருவியானாலும் அது நழுவும் மேசையில் இருந்தால் பயனில்லை. முழங்கை தொங்காமலும் தோள் உயராமலும், முன்கை முழுவதும் ஏதேனும் ஒன்றின் மேல் படிந்திருக்கும் உயரத்தில் ஸ்டிக்கைப் பொருத்த வேண்டும். எழுதும் மேசையின் உயரம் இதற்குப் பெரும்பாலும் அதிகம். நாற்காலியின் பக்கவாட்டில் ஒரு சட்டத்தை முடுக்கிவிட்டால் போதும், புதிய ஸ்டிக் வாங்கியது போன்ற மாற்றத்தைக் கை உணரும். யூஎஸ்பி இணைப்புகளுக்கான மின்சிக்கன அமைப்பை விண்டோஸில் நிறுத்தி வைப்பதும் நல்லது, ஏனென்றால் நீண்ட பயணத்தின் நடுவே அசையாமல் கிடக்கும் த்ராட்டிலை அது உறங்கவைத்துவிடக்கூடும்.

இந்தியாவில் இருந்துகொண்டு விகேபி, விர்பில் கருவிகளை வெளிநாட்டிலிருந்து நேரடியாக வரவழைப்பவர், அனுப்பும் செலவையும் சுங்க வரியையும் சேர்த்தே விலையைக் கணக்கிட வேண்டும். பழுதானால் திருப்பி அனுப்பும் செலவும் நம்முடையதாகிவிடலாம். இதனால் பழைய கருவி வாங்குவதை நான் ஒருபோதும் தாழ்வாக நினைப்பதில்லை. போகும்போது ஒரு லேப்டாப்பை எடுத்துச் செல்லுங்கள். மேலே சொன்ன நடுப்புள்ளிச் சோதனையைச் செய்யுங்கள். கைப்பிடியை மிக மெதுவாகத் திருகி, அதற்குரிய பட்டை துள்ளாமல் நகர்கிறதா என்று பாருங்கள். த்ராட்டிலை ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நகர்த்தி, பட்டை முற்றிலும் காலியாகிறதா, முற்றிலும் நிறைகிறதா என்று பார்த்துவிட்டு, பிறகு விலை பேசுங்கள்.