கோர்ஸ் சின்னதுன்னு சொன்னேன்

"அந்த டைமை அப்படியே எடுத்துக்க முடியாதுப்பா, அந்த கோர்ஸ் கொஞ்சம் சின்னது"ன்னு எங்க ஹைஸ்கூல் க்ராஸ் கன்ட்ரி டீம் பையன் ஒருத்தன்கிட்ட நான் சொன்னேன், கோர்ஸ்னா புல்லு, மண்ணுன்னு பசங்க ரேஸ் ஓடுற பாதை. அதுக்கு அவன் "கோடு போட்ட இடம் வரைக்கும் நான் ஓடினேனே கோச்"ன்னான். அவ்வளவுதான் பேச்சே. ஸ்பைக்ஸ் ஷூ பையை தூக்கிட்டு பஸ்ல ஏறிட்டான். அதுல சண்டையும் இல்ல, அழுகையும் இல்ல. ஆனா போன சீசன்ல எத்தனையோ நடந்திருக்க, எனக்கு திரும்பத் திரும்ப வர்றது இது ஒண்ணுதான்.

விஷயம் வார்சிட்டியோட, அதாவது ஸ்கூலோட முதல் டீமோட, ஏழாவது இடம், அந்த டைமை வச்சு அவன் கேட்டது அதைத்தான். ஏழு பேர் ஓடுவாங்க, முதல் அஞ்சு பேருக்குத்தான் பாயின்ட், ஆறாவதும் ஏழாவதும் எதிர் டீம் ஆளுங்களை முந்தி அவங்க ஸ்கோரை ஏத்தி விடுறதுக்கு, ஏன்னா இதுல கம்மி ஸ்கோர்தான் ஜெயிக்கும். அதாவது ஏழாவது ஆள் யாருங்கறது பெரும்பாலும் ரிசல்ட்டை மாத்தாது. அது தெரிஞ்சும் நான் அதுக்கு ஒரு ஸ்ப்ரெட்ஷீட் வச்சிருந்தேன். ஹெட் கோச்சுக்கு நம்பர்னாலே அலர்ஜி, "நீ பாத்து சொல்லு"ன்னு என் தலையில கட்டிடுவார்.

அந்த டைம் வந்தது செப்டம்பர்ல போன ஒரு மீட்ல, பல ஸ்கூல் சேந்து ஓடுற போட்டி. அது எல்லாருக்கும் பிடிச்ச மீட். ஒரே சமமா இருக்கிற பார்க், ஒட்ட வெட்டின புல், காலைல குளிர், வளைவும் கம்மி. இவன் அங்க 16:40 நிமிஷத்துக்குள்ள ஓடிட்டான், அதுவரைக்கும் 17:20 கூட பாக்காத பையன். ஆனா அன்னிக்கு எங்க டீம்ல கிட்டத்தட்ட எல்லாருக்குமே பிஆர், அதாவது அவனவனோட பெஸ்ட் டைம், கால்வலின்னு சொல்லிட்டு ஓடினவனுக்கு கூட. பசங்க வாட்ச் எல்லாம் 3 மைலுக்கு கொஞ்சம் மேல காட்டி நின்னுடுச்சு, 5கே, அதாவது 5 கிலோமீட்டர்னா 3.1 மைல் வரணும். இதை வச்சுத்தான் சின்னதுன்னு சொன்னேன். இதுல ஒரு சந்தேகம் எனக்கு அப்பவே உண்டு, ஜிபிஎஸ் வளைவுகளை வெட்டி கணக்கு போடும், மரத்தடியில இன்னும் மோசம், அதனால சரியான கோர்ஸ் கூட சில சமயம் குறைச்சு காட்டும். ஆனா திறந்தவெளில, அகலமா சுத்தி ஓடுற பசங்க கையில, அது கூடுதலாத்தான் காட்டும்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். ரெண்டும் உண்மைதான், எனக்கு தேவைப்பட்டதை எடுத்துக்கிட்டேனான்னு கேட்டா... இல்லன்னுதான் நினைக்கிறேன். வீல் தள்ளி அளந்து பாத்திருந்தா தெரிஞ்சிருக்கும். ஆனா அடுத்தவங்க மீட்ல போய் யாரு வீல் தள்ளுவா.

அதே ஏழாவது இடத்துக்கு இருந்த இன்னொரு பையன் அந்த மீட்டுக்கு வரல, ஜுரம். அவனோட நல்ல ஓட்டம் பெல்மான்ட்ல, கிரிஸ்டல் ஸ்பிரிங்ஸ்ல. கலிஃபோர்னியா பே ஏரியால ஓடினவங்களுக்கு அந்த மேட்டையும் புழுதியையும் நான் சொல்லித் தரவேண்டாம். அது 2.95 மைல், 5கேக்கு சுமார் 250 மீட்டர் குறைவு, இந்தப் பசங்க வேகத்துக்கு 50 செகண்ட் மாதிரி வரும். ஆனா யாரும் அதை சின்ன கோர்ஸ்னு திட்டமாட்டாங்க, ஏன்னா எல்லாருக்கும் தெரிஞ்ச சின்னது அது, அங்க ஓடின டைமை அங்க ஓடின டைமோடதான் வச்சுப் பாப்பாங்க. தெற்கு கலிஃபோர்னியால மவுன்ட் சாக் கோர்ஸும் அப்படித்தான், 2.93 மைல், மூணு மேடு, அந்த நம்பரை யாரும் ஃப்ரெஸ்னோல முழு 5கே ஓடின நம்பரோட சேத்துப் பேசறதில்ல.

அதுதான் நியாயமான வழின்னு இன்னமும் நம்புறேன். இல்லினாய்ஸ்ல டெட்வைலர் பார்க்ல 1972ல கிரெய்க் வெர்ஜின்னு ஒரு ஹைஸ்கூல் பையன் 3 மைலை 13:50.6ல ஓடினார், அந்த ரெக்கார்டு 2019 வரைக்கும் நின்னுச்சு. ஒரே பார்க், ஒரே ஸ்டேட் மீட், அதனாலதான் அந்த நம்பருக்கு அவ்வளவு மரியாதை. 2021 டிசம்பர்ல அலபாமா ஹன்ட்ஸ்வில்ல நியூபரி பார்க் ஹைஸ்கூல் பசங்க 5கே ஓடினப்போ, காலின் சாஹ்ல்மன் 14:03, யங் இரட்டையர் ரெண்டு பேரும் 14:05, எங்க பசங்க பஸ்ல வாய பொளந்து பாத்துட்டு இருந்தாங்க, நான் மட்டும் "கோர்ஸ் எவ்ளோ ஃப்ளாட் பாருங்கடா"ன்னேன். இப்ப யோசிச்சா ஃப்ளாட் கோர்ஸ் தானா போய் 14:03 ஓடிடாது. எனக்கு ஓடக் கொடுத்தா 28 ஆகும்.

இதுலதான் எனக்கு உறுத்துது. டைம் மோசமா வந்தா நாங்களே முதல்ல கோர்ஸ்தான் பேசுவோம், "வெயில்டா, புழுதிடா, மண்ணு லூசா இருந்துச்சு, கவலைப்படாத". அப்ப கோர்ஸ் ஒரு ஆறுதல். டைம் நல்லா வந்தா யாரும் கோர்ஸைப் பத்தி மூச்சு விடறதில்ல, கை தட்டி போட்டோ எடுத்துப்போம். அந்த மீட்ல பிஆர் போட்ட மத்த யார்கிட்டயும் போய் உன் டைமோட இவ்வளவு கூட்டிக்கோன்னு நான் சொல்லல. இவன்கிட்ட மட்டும் சொன்னேன், ஏன்னா இவன்தான் அந்த டைமை வச்சு என்கிட்ட ஒரு இடம் கேட்டான். ஆனா சொல்லாம இருந்திருந்தா இன்னொருத்தனுக்கு என்ன பதில் சொல்றது? ஜுரம் வந்த நாள்ல வேகமான மீட் நடந்தது அவன் குத்தமா?

கோர்ஸ் சின்னதுன்னு நான் சொன்ன பையனோட அப்பா ராத்திரி போன் பண்ணார், திருச்சிக்காரர். "சார், தப்பா எடுத்துக்காதீங்க, டீம்ல போடலன்னு நான் கேக்கல. அந்த டைம் பொய்யான்னு மட்டும் சொல்லுங்க, பையன் காலேஜ் கோச்சுக்கு மெயில் அனுப்பலாமான்னு கேக்கறான்"னார். பொய் இல்லீங்க, அனுப்பட்டும், கூடவே எந்த மீட்னு எழுதச் சொல்லுங்க, காலேஜ் கோச்சுங்களுக்கு எந்த கோர்ஸ் வேகம்னு தெரியும்னேன். "அப்ப அவங்களும் கூட்டிப்பாங்க"ன்னு சிரிச்சார். நானும் சிரிச்சேன், சங்கடமாத்தான்.

லீக் ஃபைனல்ஸ் கிரிஸ்டல் ஸ்பிரிங்ஸ்ல. ஒரே கோர்ஸ், ஒரே நாள், இனிமே வாதமே வேண்டாம்னு நினைச்சேன். இவன் ஜேவில, அதாவது ரெண்டாவது டீம்ல ஓடினான், நான் ஏழாவதா தேர்ந்தெடுத்த அந்த இன்னொரு பையன் வார்சிட்டில. இவன் டைம் 4 செகண்ட் பெட்டர். ஹெட் கோச் என்னைப் பாத்தார். நான் உடனே, ஜேவி ரேஸ் காலைல குளிர்ல முதல்ல போச்சு, வார்சிட்டி வெயில் ஏறினப்புறம், முன்னாடி ஓடின ரேஸெல்லாம் கிளப்பின புழுதில போச்சுன்னேன். அதுவும் உண்மைதான். ஆனா ஜேவில இவனை இழுத்துட்டுப் போக முன்னாடி ஆளே இல்ல, தனியா லீட் பண்ணி ஓடினான், அதுக்கு எத்தனை செகண்ட் கழிக்கிறது, எத்தனை கூட்டுறது? என் ஷீட்ல அதுக்கு கட்டம் கிடையாது. ஏழாவது இடம் எங்க ஸ்கோரை ஒரு பாயின்ட் கூட மாத்தல.

இந்த வருஷமும் அந்த செப்டம்பர் மீட்டுக்கு பேர் கொடுத்தாச்சு. போகலாமா வேண்டாமான்னு ஹெட் கோச் கேட்டார், நான்தான் போகலாம்னேன், மேடு ஏறுற கோர்ஸுக்கு முன்னாடி பசங்களுக்கு ஒரு நல்ல டைம் கையில இருக்கட்டுமேன்னு. ஃபார்ம்ல எதிர்பார்க்கிற டைம்னு ஒரு கட்டம் இருக்கு. இவன் பேருக்கு நேரா போன வருஷம் அங்க ஓடின டைமையே போட்டேன், எதுவும் கூட்டாம.